உங்கள் வீட்டுக் கணனியின் ‘எஸ்.எஸ்.டி.’யைப் பேணுவது எப்படி?



வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பராமரிப்பு உண்டு. தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறோம். கேஸ் அடுப்பின் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஆனால் பிள்ளைகளின் படிப்பும், குடும்பத்தின் படங்களும், காணி உறுதியின் பிரதியும், வெளிநாட்டிலிருப்பவர் அனுப்பிய கடிதங்களும் எல்லாம் ஒன்றாய்க் கிடக்கும் கணனியை மட்டும் ‘ஓடுகிறதா, போதும்’ என்று விட்டு விடுகிறோம். நானும் அப்படித்தான் விட்டிருந்தேன். அதற்கு நான் கொடுத்த விலை என்ன என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு விடயத்துக்கு வருகிறேன்.

2019ஆம் ஆண்டில், என் உம்மா உயிரோடிருந்த போது, மூன்று இரவுகள் அவரைப் பேச வைத்துப் போனில் பதிவு செய்தேன். தன் சிறு வயது, கலியாணம், ஊரில் வெள்ளம் வந்த வருடம், யார் யாருக்கு என்ன உறவு என்று ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கதைத்தார். போனில் இடம் போதாமல் அதை மடிக்கணனிக்கு மாற்றி, ‘நியூ ஃபோல்டர் 3’ என்று கிடந்த ஓர் உறைக்குள் போட்டு வைத்தேன். 2021இல் கணனி மிகவும் மந்தமானதால் அதன் பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி. போட்டோம். எழும்புவதற்கு நான்கைந்து நிமிடம் எடுத்த கணனி அரை நிமிடத்துக்குள் எழும்பியது. சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் இது பழுதாகாது என்று நானே முடிவு செய்து கொண்டு, வேறெங்கும் பிரதி எடுக்கவில்லை.

2022இல் உம்மா மௌத்தானார். அடுத்த வருடம், ‘இடம் நிரம்பிவிட்டது’ என்று கணனி எச்சரித்தபோது, பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருந்த என் மகள் பெயரில்லாத உறைகளையெல்லாம் அழித்து, குப்பைக் கூடையையும் காலியாக்கி விட்டாள். அவளில் பிழையில்லை. ‘நியூ ஃபோல்டர் 3’ என்ற பெயரைப் பார்த்து, அதற்குள் தன் உம்மும்மாவின் குரல் இருக்கிறது என்று அவள் எப்படி அறிவாள்? இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. கணனி திருத்தும் தம்பியிடம் ஓடினேன். அவர் ஒரு நாள் முழுக்க முயன்று விட்டுச் சொன்னார்: “ஹஸ்ரத், பழைய டிஸ்க்காக இருந்தால் எதையாவது சுரண்டி எடுத்திருப்பேன். இது எஸ்.எஸ்.டி. இது அழித்தால் அழித்ததுதான்.”

அது ஏன் அப்படி? இதை விளங்கிக் கொண்டால், பராமரிப்புப் பற்றிய மற்ற விடயங்கள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

உள்ளே நடப்பது என்ன?

பழைய ஹார்ட் டிஸ்க்கினுள் நிமிடத்துக்கு 5,400 தடவை அல்லது 7,200 தடவை சுழலும் தட்டு ஒன்று இருக்கும். அதன் மேல் ஓர் ஊசி போன்ற கை நகர்ந்து நகர்ந்து வாசிக்கும். கேட்டதைத் தேடிப் போக அதற்கு நேரம் வேண்டும். எஸ்.எஸ்.டி., அதாவது ‘சொலிட் ஸ்டேட் டிரைவ்’, அப்படியல்ல. அதில் அசையும் பாகமே கிடையாது. பென் டிரைவிலும் போனிலும் உள்ளது போன்ற ‘ஃப்ளாஷ்’ சில்லுகளே அதிலும் இருக்கின்றன. இந்த ஃப்ளாஷ் நினைவகத்தை 1980களில் ஜப்பானின் தொஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுஓகா என்ற பொறியியலாளர் கண்டுபிடித்தார். 1991இல் விற்பனைக்கு வந்த ஆரம்பகால எஸ்.எஸ்.டி. ஒன்றின் கொள்ளளவு 20 மெகாபைட் மட்டுமே. இன்றைய போனில் எடுத்த ஐந்தாறு படங்களுக்கே அது நிரம்பிவிடும்.

இந்தச் சில்லுகளுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அதை விளக்க அந்தக் கால ஓதல் பள்ளியை நினைவுபடுத்துகிறேன். லெப்பை மரப்பலகையில் பாடத்தை எழுதித் தருவார். பிள்ளை அதைப் பாடமாக்கிய பின் பலகையைக் கழுவி, காய வைத்து, புதிதாக எழுத வேண்டும். ஒரு வரியை மட்டும் கழுவ முடியாது. கழுவினால் முழுப் பலகையையும் கழுவ வேண்டும். எஸ்.எஸ்.டி.யும் அப்படியே. சிறு சிறு பக்கங்களாக எழுதும். ஆனால் அழிக்கும்போது பல பக்கங்கள் சேர்ந்த ஒரு முழுப் பகுதியைத்தான் அழிக்க முடியும்.

பலகையை அடிக்கடி கழுவினால் அது தேய்ந்து போகும். இங்கும் தேய்மானம் உண்டு. இன்று வீட்டுக் கணனிகளில் சாதாரணமாகப் பாவிக்கப்படும் சில்லுகள் ஏறத்தாழ ஆயிரம் முதல் மூவாயிரம் தடவை வரை அழித்து எழுதுவதைத் தாங்கும். ஆகவே எஸ்.எஸ்.டி.யினுள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு ஒரு நல்ல ஆசிரியரைப் போல, ஒரே பலகையைத் திரும்பத் திரும்பக் கழுவாமல் எல்லாப் பலகைகளையும் முறை வைத்துப் பாவிக்கிறது. எது எந்தப் பலகையில் இருக்கிறது என்ற இடாப்பையும் அதுவே வைத்திருக்கிறது.

நாம் ஒரு படத்தை அழித்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கில் அதன் பெயர் மட்டும் பட்டியலிலிருந்து நீங்கும். படம் அங்கேயே கிடக்கும். எஸ்.எஸ்.டி.யிலோ, ‘இந்தப் பக்கம் இனி வேண்டாம்’ என்று கணனி உடனே அந்த ஆசிரியருக்குச் சொல்லிவிடுகிறது. இந்த அறிவிப்புக்கு ‘ட்ரிம்’ என்று பெயர். 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் இது உண்டு. அறிவிப்புக் கிடைத்ததும், வேலை குறைந்த நேரம் பார்த்து அது பலகையைக் கழுவி வைத்து விடுகிறது. அடுத்த தடவை எழுதும்போது வேகமாக எழுதலாம் அல்லவா? அந்த வேகத்தின் விலைதான், அழித்ததை மீட்க முடியாமை. என் உம்மாவின் குரல் போன வழி அதுதான்.

செய்ய வேண்டியவை

ஒன்று: உங்கள் கணனியில் இருப்பது எது என்று முதலில் தெரிந்து கொள்ளுங்கள். விண்டோஸ் கணனியாயின் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ‘டிஃப்ராக்மென்ட்’ என்று எழுதத் தொடங்கினால், ‘டிஃப்ராக்மென்ட் அண்ட் ஒப்டிமைஸ் டிரைவ்ஸ்’ என்ற தலைப்பு வரும். அதைத் திறந்தால் ‘மீடியா டைப்’ என்ற பகுதியில் ‘சொலிட் ஸ்டேட் டிரைவ்’ என்றோ ‘ஹார்ட் டிஸ்க் டிரைவ்’ என்றோ எழுதியிருக்கும். அதே பக்கத்தின் கீழே, வாரம் ஒரு முறை தானாக ஒழுங்குபடுத்தும் வசதி ‘ஒன்’ என்று இருக்கிறதா என்பதைப் பாருங்கள். இருந்தால் அப்படியே விட்டு விடுங்கள். எஸ்.எஸ்.டி. என்று தெரிந்தால் விண்டோஸ் அதற்குரிய ‘ட்ரிம்’ வேலையைத் தானே செய்யும்.

இரண்டு: இடம் விட்டு வையுங்கள். வெற்றுப் பலகை இல்லாத ஆசிரியர் என்ன செய்வார்? ஒன்றில் இருப்பதை வேறொன்றுக்கு மாற்றி, கழுவி, மீண்டும் எழுதித் திண்டாடுவார். கணனி மந்தமாகும், தேய்மானமும் கூடும். மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை எப்போதும் காலியாக இருக்கட்டும். 256 கிகாபைட் உள்ள எஸ்.எஸ்.டி.யில் 30 முதல் 50 வரை காலியாக இருந்தால் நல்லது. ‘டவுன்லோட்ஸ்’ உறையையும், பாவிக்காத விளையாட்டுக்களையும், ஒருமுறை பார்த்து முடித்த நீளமான வீடியோக்களையும் மாதம் ஒரு தடவை பார்த்து அகற்றுங்கள். ஆனால் அதற்கு முன், உங்கள் உறைகளுக்கு ஒழுங்காகப் பெயர் வையுங்கள். ‘உம்மாவின் குரல், 2019’ என்று நான் எழுதியிருந்தால், இந்தக் கட்டுரையை எழுத வேண்டி வந்திராது.

மூன்று: உஷ்ணத்தைக் கவனியுங்கள். மடிக்கணனியைக் கட்டிலில், தலையணை மேல் வைத்துப் பாவிக்கும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். காற்றுப் போகும் துவாரம் அடைபட்டால் உள்ளே சூடேறும். வேகமான எஸ்.எஸ்.டி.கள் அளவுக்கு மீறிச் சூடேறும்போது தம்மைக் காத்துக் கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்து விடும். மேசையில், அல்லது ஒரு பலகையின் மேல் வைத்துப் பாவியுங்கள். துவாரத்தில் படியும் தூசியை இடைக்கிடை அகற்றுங்கள்.

நான்கு: மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரேயடியாக இருளில் மூழ்கியது. இப்படித் திடீரென்று மின்சாரம் போனால், இடாப்பை எழுதிக் கொண்டிருக்கும் ஆசிரியரின் கையிலிருந்து பேனையைப் பறித்தது போலாகும். இடாப்புக் குழம்பினால் பலகைகள் இருந்தும் பயனில்லை. பெரிய கணினிக் கூடங்களுக்குச் செய்யப்படும் எஸ்.எஸ்.டி.களில் இதற்கென்று தனிப் பாதுகாப்பு உண்டு. வீட்டுக்கு வாங்கும் மலிவானவற்றில் பெரும்பாலும் அது இல்லை. எனவே மேசைக் கணனியாயின் சிறிய யூ.பி.எஸ். ஒன்று அவசியம். பெற்றரி செத்துப் போன மடிக்கணனியும் மேசைக் கணனி போன்றதுதான். பெற்றரியை மாற்றுங்கள். அவசரத்தில் பொத்தானை அமுக்கிப் பிடித்து அணைப்பதைப் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டாம்.

ஐந்து: உடல்நிலையைச் சோதியுங்கள். ஒவ்வொரு எஸ்.எஸ்.டி.யும் தன் தேய்மானத்தைத் தானே கணக்கெழுதி வைக்கிறது. ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் அதை வாசித்து, நூற்றுக்கு இத்தனை வீதம் நலம் என்று காட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக் கொப்பியில் குறித்து வையுங்கள். 98, 97 என்று மெல்ல இறங்கினால் கவலையில்லை. வேகமாக இறங்கினாலோ, எச்சரிக்கை நிறம் காட்டினாலோ அன்றே பிரதி எடுங்கள்.

ஆறு: எஸ்.எஸ்.டி.க்குள் அதனை இயக்கும் சிறு மென்பொருள் ஒன்றும் உண்டு. அதற்கு ‘ஃபேம்வெயார்’ என்று பெயர். அதிலும் பிழை வரலாம். 2019 நவம்பரில் எச்.பி.ஈ. நிறுவனம் பெரிய கணனிகளுக்கான தனது சில எஸ்.எஸ்.டி.களைப் பற்றி ஓர் அறிவித்தல் விட்டது. சரியாக 32,768 மணித்தியாலம், அதாவது 3 வருடம், 270 நாள், 8 மணித்தியாலம் ஓடியதும் அவை செத்துப் போகும் என்றும், அதற்கு முன் திருத்திய மென்பொருளைப் போட்டுக் கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் எஸ்.எஸ்.டி.யைச் செய்த நிறுவனத்தின் மென்பொருளைக் கொண்டு, வருடம் ஓரிரு தடவை திருத்தம் ஏதும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். போடுவதற்கு முன் பிரதி எடுத்துக் கொண்டு, மின்சாரம் நிலையாக இருக்கும் நேரத்தில் போடுங்கள்.

செய்யத் தேவையில்லாதவை

பழைய ஹார்ட் டிஸ்க்குக்குச் செய்த ‘டிஃப்ராக்’ வேலையை வெளியிலிருந்து ஒரு மென்பொருள் கொண்டு எஸ்.எஸ்.டி.க்குச் செய்ய வேண்டாம். தேடிப் போகும் கை இல்லாத இடத்தில் சிதறிக் கிடப்பதால் பெரிய நட்டமில்லை. வீண் தேய்மானம் மட்டுமே மிஞ்சும். வேகத்தைப் பத்து மடங்காக்குவோம் என்று விளம்பரம் செய்யும் மென்பொருட்களையும் நம்ப வேண்டாம்.

இன்னொரு பக்கம், ‘எழுதினால் தேய்ந்து போகும்’ என்று பயந்து கணனியைத் தொடாமலிருக்கவும் வேண்டாம். ஒரு கணக்குப் போடுவோம். சம்சுங் நிறுவனம் தனது 870 ஈவோ வகையில் 500 கிகாபைட் எஸ்.எஸ்.டி.க்கு, ஐந்து வருடம் அல்லது 300 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் தந்தது. ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 20 கிகாபைட் எழுதினாலும், அதுவே பெரிய தொகை, 300 டெராபைட்டை எட்ட 15,000 நாள் வேண்டும். ஏறத்தாழ 41 வருடம்! ஆகவே வீட்டுக் கணனியின் எஸ்.எஸ்.டி. தேய்ந்து சாவது அரிது. வேறு காரணத்தால், திடீரென்று சாவதே வழக்கம்.

பயப்பட வேண்டியது அந்தத் திடீர் என்ற சொல்லுக்குத்தான். பழைய ஹார்ட் டிஸ்க் சாகுமுன் பெரும்பாலும் ‘டக், டக்’ என்று சத்தம் போட்டு முனகும். எஸ்.எஸ்.டி. முனகாது. நேற்று இரவு நன்றாக இருந்தது, இன்று காலை கணனிக்கு அப்படியொன்று இருப்பதே தெரியவில்லை என்ற நிலை வரலாம். சில வேளை ஒரு கோப்புத் திறக்க மறுக்கும், அல்லது எதையும் புதிதாகச் சேமிக்க விடாது. அப்படி ஏதும் கண்டால், ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று அணைத்து விடாமல், அப்போதே முக்கியமானவற்றைப் பிரதி எடுங்கள்.

பிரதி எடுப்பது எப்படி?

பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரவலாக்கிய ஒரு விதி உண்டு: 3, 2, 1. மூன்று பிரதிகள், இரண்டு வகையான சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. கணனியில் இருப்பது ஒன்று. வெளியே இணைக்கும் ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் இரண்டாவது. மூன்றாவதை வேறு ஊரிலுள்ள சகோதரியின் வீட்டிலோ, இணையச் சேமிப்பகத்திலோ வைக்கலாம். வீட்டுக்கு வெளியே ஏன் என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது நம் கிழக்குக் கரையோரத்தில் எத்தனை வீடுகளின் கலியாண அல்பங்கள் அலுமாரியோடு போயின! அல்பமும் அதன் பிரதியும் ஒரே அலுமாரியில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இதில் மூன்று எச்சரிக்கைகள். கூகிள் கணக்கோடு இலவசமாக வருவது 15 கிகாபைட். அது மின்னஞ்சல், படங்கள் அனைத்துக்கும் சேர்த்துத்தான். கணனியோடு இணைந்து தானாக ஓடும் இணைய உறையில், கணனியில் அழித்தால் அங்கும் அழியும். அதை மட்டும் பிரதி என்று நம்ப வேண்டாம். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் தரம் குறைந்தே போகும். தரம் குறையாமல் அனுப்ப வேண்டுமானால் ‘டொக்கியுமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள்.

எஸ்.எஸ்.டி.யிலோ பென் டிரைவிலோ பிரதி எடுத்து அலுமாரியில் பூட்டி வைத்து வருடக்கணக்காக மறந்து விடுவதும் பிழை. இவற்றில் எழுத்து என்பது மின்னேற்றம்தான். மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது மெல்ல மெல்லக் கசியும். நன்கு தேய்ந்து ஆயுள் முடிந்த வீட்டு எஸ்.எஸ்.டி., மின்சாரமின்றி 30 பாகை வெப்பத்தில் ஒரு வருடம் தாங்க வேண்டும் என்பதே இத்துறையின் நியமம். புதியது அதைவிட அதிக காலம் தாங்கும். என்றாலும் நம் நாட்டு வெப்பத்தில், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து இணைத்து, படங்கள் திறக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

விற்கும்போதும் திருத்தக் கொடுக்கும்போதும்

வீட்டுப் பெண்களின் படங்கள் உள்ள கணனியை அந்நியர் கையில் கொடுக்கும்போது கவனம் வேண்டும். அழித்தால் மீட்க முடியாது என்று சொன்னேன். ஆனால் அதை நம்பி விற்றுவிடவும் முடியாது. கழுவப்படாத பலகை ஏதாவது ஒரு மூலையில் மிச்சமிருக்கலாம். எஸ்.எஸ்.டி.யில், வேண்டியதை மீட்கலாம் என்றும் நம்ப முடியாது, வேண்டாதது போய்விட்டது என்றும் நம்ப முடியாது. விற்பதாயின் விண்டோஸின் ‘ரீசெட் திஸ் பி.சி.’ பகுதியில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பதைத் தெரிவு செய்து, மேலதிகத் தெரிவுகளில் ‘க்ளீன் டேட்டா’வை ‘யெஸ்’ ஆக்குங்கள். எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வைத்துக் கொண்டு மிச்சத்தை விற்பது இன்னும் மேல். திரையோ விசைப்பலகையோ திருத்தக் கொடுக்கும்போது, கழற்றக் கூடியதாயின் உங்கள் முன்னாலேயே கழற்றித் தரச் சொல்லுங்கள்.

புதிய கணனிகள் பல, எஸ்.எஸ்.டி.யைத் தாமாகவே பூட்டி வைக்கின்றன. திருடன் கையில் போனாலும் திறக்க முடியாது. ஆனால் கணனி பழுதானால், 48 இலக்கமுள்ள மீட்புச் சாவி இல்லாமல் உங்களுக்கும் திறக்க முடியாது. அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். அதை இன்றே பார்த்துக் கடதாசியில் எழுதி, காணி உறுதியோடு வைத்து விடுங்கள்.

வாங்கும்போதும் ஒரு வார்த்தை. நம்ப முடியாத மலிவில் பல டெராபைட் என்று விற்கப்படுபவற்றில் போலிகள் அதிகம். வெளியே 2 டெராபைட் என்றிருக்கும், உள்ளே 64 கிகாபைட் சில்லு இருக்கும். நிரம்பிய பின் எழுதியதெல்லாம் காற்றோடு போகும். ‘எச் டூ டெஸ்ட் டபிள்யூ’ என்ற இலவச மென்பொருள் முழுவதையும் எழுதி, திருப்பி வாசித்து உண்மை அளவைச் சொல்லிவிடும். வாங்கியவுடன் ஒரு தடவை மட்டும் செய்து பாருங்கள்.

சகோதரிகளே, என் கதையில் ஒரு சிறு மிச்சம் உண்டு. 2019இல் அந்தப் பதிவிலிருந்து நான்கு நிமிடத்தை மட்டும் வெட்டி, டோஹாவிலிருந்த என் தம்பிக்கு அனுப்பியிருந்தேன். அவன் போனை மாற்றும்போதும் அதை விடாமல் வைத்திருந்தான். வட்டிலப்பத்துக்குத் தேங்காய்ப்பாலின் அளவை உம்மா சொல்கிறார். “கப்பில் அளக்காதே, கையில் அளந்து பார்” என்கிறார். நடுவில் சிரிக்கிறார். இரண்டு மணித்தியாலத்தில் எங்களுக்கு மிஞ்சியது அந்த நான்கு நிமிடம்தான். இன்று அது மூன்று இடங்களில் இருக்கிறது. பெயரும் ஒழுங்காக எழுதியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று எங்கோ ஒரு ‘நியூ ஃபோல்டர்’க்குள் கிடக்கும். இன்றிரவு பிள்ளைகள் படித்து முடித்ததும் அதைத் தேடி எடுங்கள். பெயர் எழுதுங்கள். ஒரு பிரதி எடுங்கள். மற்றப் பராமரிப்பெல்லாம் நாளைக்குச் செய்யலாம்.